சான்றிதழ் போயிற்று, சமரசக் கடமை இருக்கிறது

மணவிலக்குச் சான்றிதழ் தொடர்பாகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் அளித்த தீர்ப்பு நம் சமுதாயத்தின் கவனத்திற்குரியது. தலாக் செல்லுமா, செல்லாதா என்பதில் கணவனும் மனைவியும் மாறுபடும்போது அதனை முடிவு செய்யும் அதிகாரம் நீதிமன்றத்திற்கே உண்டு. ஷரீஅத் கவுன்சில் என்பது ஒரு தனியார் அமைப்பே, அது நீதிமன்றம் ஆகாது. குடும்ப விவகாரங்களை அது பேசித் தீர்த்து வைக்கலாம், ஆனால் மணவிலக்குச் சான்றிதழ் வழங்குவதற்கில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரமாகும்.

இது திடீரென வந்ததன்று. தலாக் என்பது தக்க காரணத்தோடு இருக்க வேண்டும். அதற்கு முன்பாக இரு தரப்பிலிருந்தும் நடுவர்கள் அமர்ந்து சமரசத்திற்கு முயன்றிருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே ஷமீம் ஆரா வழக்கில் கூறியது. காஜிகள் தரும் முத்தலாக் சான்று அவர்களுடைய கருத்தே தவிர சட்ட வலிமை உடையதன்று எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்லும் வழக்கத்தை உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பால் நீக்கியது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதனைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக ஆக்கியது. பெண்ணொருத்தி குல்உ கோரும்போது குடும்பநல நீதிமன்றத்தையே நாட வேண்டும். தனியார் அமைப்புகளின் சான்று செல்லாது என 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது.

இவற்றைக் கேட்ட நம்மவர்களில் சிலர் வருந்துகின்றனர். கணவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவு குறித்து நம்மிடையே மனக்குறை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அது வேறொரு நாள் பேச வேண்டிய செய்தி. வேறு சிலரோ, "சான்றிதழும் கொடுக்கக் கூடாது என்றால் இனி ஜமாஅத்துக்கு என்ன வேலை?" என்று கேட்கின்றனர். இந்தக் கேள்விக்குத்தான் இன்று விடை காண வேண்டியிருக்கிறது. நீதிமன்றம் நம் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டது முத்திரையை மட்டுமே. அமர்ந்து பேச வைக்கும் பொறுப்பை அது எடுக்கவில்லை. அந்தப் பொறுப்புத்தான் திருமறை நமக்குத் தந்தது. அதைத்தான் நாம் சரிவரச் செய்யாமல் இருந்துவிட்டோம்.

அருள்மறையின் நான்காம் அத்தியாயம் 35ஆம் வசனத்தை நம்மில் பலர் திருமண மேடைகளில் ஓதக் கேட்டிருப்போம். கணவன் மனைவியரிடையே பிளவு ஏற்படுமென நீங்கள் அஞ்சினால், அவனுடைய குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அவளுடைய குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அனுப்புங்கள் என்பது அதன் கருத்து. அவ்விருவரும் இணக்கத்தை நாடினால் அல்லாஹ் அவர்களிடையே ஒற்றுமையை உண்டாக்குவான் என்றும் அது நன்மாராயம் கூறுகிறது. இவ்வசனத்தில் மூன்று நுட்பங்கள் உள்ளன.

முதலாவது, பிளவு ஏற்பட்ட பிறகு என்று இறைவன் கூறவில்லை. பிளவை அஞ்சும் நிலையிலேயே செயற்படுங்கள் என்கிறான். இரண்டாவது, இரு தரப்புக்கும் சமமான இடம். பெண்ணின் பக்கத்து நடுவர் வேடிக்கை பார்க்க வந்தவரல்லர். மூன்றாவது, இணக்கத்தை நாடுதல் என்ற நிபந்தனை. 'நாடினால்' என்ற சொல் நடுவர்களைக் குறிக்கும் என்று விரிவுரையாளர் பலரும், தம்பதியரைக் குறிக்கும் என்று வேறு சிலரும் எழுதியுள்ளனர். எவ்வாறு கொண்டாலும், குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் எண்ணத்தோடு அமர்கிறவர்களுக்கு அந்த நன்மாராயம் இல்லை.

மேலும் ஒன்று. இந்நடுவர்களுக்குத் தம்பதியரைப் பிரித்து வைக்கும் அதிகாரம் உண்டா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. மாலிகி மத்ஹபு உண்டு என்கிறது. தமிழகத்தில் நாம் பின்பற்றும் ஹனபி மத்ஹபிலும், ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்திலும், கணவன் மனைவியர் அதிகாரம் ஒப்படைத்தாலன்றி நடுவர்களாகவே பிரித்து வைக்க முடியாது. அவர்கள் பணி இணக்கம் செய்வதே. ஆகவே, "பேசித் தீர்த்து வைக்கலாம், பிரித்துத் தீர்ப்புக் கூறலாகாது" என்று இன்று நீதிமன்றம் வரையும் கோடு, நம் பிக்ஹு நூல்களில் நடுவர்களுக்கு வரையப்பட்ட எல்லைக்கு வெகு தொலைவில் இல்லை. தலாக்கின் ஒழுங்கையும் நோக்குங்கள். ஒரு தலாக் சொன்ன பின்னரும் இத்தா முடியும் வரை மனைவி அதே வீட்டில் தங்கியிருக்க வேண்டும் என்று 65ஆம் அத்தியாயத்தின் முதல் வசனம் பணிக்கிறது. சினம் ஆறவும் பேச்சு மீளவும் இறைவன் தந்த அவகாசமன்றோ அது?

இவ்வளவையும் ஓதியறிந்த நானே தவறியிருக்கிறேன் என்பதை ஒளிக்காமல் கூற வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நான் இமாமாகப் பணியாற்றிய காலத்தில், அரபு நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த ஓர் இளைஞர் மனைவியை விலக்க வேண்டுமென ஜமாஅத்தில் முறையிட்டார். அஸருக்குப் பின் அமர்ந்தோம். ஆண்கள் பதினொருவர். அந்தப் பெண் பக்கத்து அறையில் கைக்குழந்தையோடு இருந்தாள். அவளுக்காக அவள் அண்ணன் பேசினார். சமைப்பதில்லை, மாமியாரிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை, எந்நேரமும் அழுகை என்று குற்றப் பட்டியல் நீண்டது. அண்ணன் பதிலுக்குக் கைக்கூலிக் கணக்கை எடுத்தார். குரல்கள் உயர்ந்தன. மஃரிபு பாங்கு சொல்லுமுன் தலாக் சொல்லப்பட்டது. எழுதிக் கொடுத்தவன் நான்.

பிறகுதான் அப்பெண்ணின் தாயார் சொல்லித் தெரிந்தது: பிள்ளை பெற்ற நாள் முதல் அவளுக்கு உறக்கமில்லை, காரணமின்றி அழுகை, குழந்தையைத் தூக்கவும் அச்சம். மகப்பேற்றுக்குப் பின் சில பெண்களுக்கு வரும் மனச்சோர்வு ஒரு நோய் என்பதும், அது பேச்சாலும் மருந்தாலும் தீரக் கூடியது என்பதும் அன்று அந்தச் சபையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவளிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அந்த இளைஞரையே சந்தித்தேன். "அன்று யாராவது ஒரு வாரம் பொறுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன், ஹஜ்ரத்" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

அந்த அறையில் இல்லாது போனது எதுவோ, அதைத்தான் இன்று குடும்ப மனநல ஆலோசனை, உரையாடல் வழிச் சிகிச்சை என்றெல்லாம் அழைக்கின்றனர். பெயரைக் கேட்டுப் பலர் மிரளுகின்றனர். "எங்களுக்கென்ன பைத்தியமா?" என்கின்றனர். அதில் மிரளுவதற்கு ஒன்றுமில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் கணவனையும் மனைவியையும் தனித்தனியாகவும் சேர்த்தும் அமர்த்திப் பேச வைப்பார். பெரும்பாலும் வாரம் ஒரு முறை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், சில வாரங்கள் நடக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடலாகாது. பேசி முடித்ததும், தாம் கேட்டது என்ன என்பதை மற்றவர் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "நான் அப்படிச் சொல்லவில்லையே!" என்று பல தம்பதியர் வியப்பது அப்போதுதான்.

ஆலோசகர் யார் பக்கம் குற்றம் என்று பார்ப்பதில்லை. சண்டை எந்தத் தடத்தில் ஓடுகிறது என்பதையே பார்க்கிறார். மனைவி ஒன்றைக் கேட்கிறாள். கணவன் வாய்மூடி எழுந்து செல்கிறான். அவன் மௌனம் அவள் குரலை உயர்த்துகிறது. அவள் குரல் அவனை வீட்டை விட்டே விரட்டுகிறது. இருவரும் மற்றவரே தொடங்கியதாக எண்ணுகின்றனர். இந்தச் சுழலை இருவருக்கும் காட்டிவிட்டால், பகை ஒருவர்மேல் ஒருவருக்கன்று, இச்சுழலின்மேல்தான் என்பது புலப்படும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் தம்பதியரின் உரையாடல்களை ஆராய்ந்த ஜான் காட்மன் என்னும் உளவியல் அறிஞர், மணவாழ்வை அரிக்கும் நான்கு பழக்கங்களைக் குறிப்பிட்டார்: ஆளையே குறைகூறல், இகழ்தல், தற்காப்பு வாதம், பேச்சை அடைத்துக்கொள்ளல். இவற்றுள் மிகக் கொடியது இகழ்தலே என்பது அவர் முடிவு. ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் திருமறையின் 49ஆம் அத்தியாயம் தடுத்திருப்பதை அறிந்த நமக்கு இது புதுச் செய்தியா? தெருவில் அதைப் பேணுகிறோம், வீட்டுக்குள் மறந்துவிடுகிறோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்கு முன்மாதிரிகள் நிறைய உண்டு. கணவரின் கொடுஞ்சொல்லால் மனம் புண்பட்ட கவ்லா (ரலி) அவர்கள் நாயகத்திடம் வந்து வாதாடினார்கள். அதே வீட்டின் ஒரு மூலையில் இருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அப்பேச்சில் சில கேட்கவில்லை. ஆனால் இறைவன் கேட்டான். 58ஆம் அத்தியாயம் அருளப்பட்டது. நாம் அமர்ந்த எத்தனை சபைகளில் ஒரு பெண்ணின் சொல் அவ்வாறு கேட்கப்பட்டது?

மற்றொரு நாள் நாயகம் (ஸல்) தம் அருமை மகளார் பாத்திமா (ரலி) வீட்டிற்கு வந்தபோது மருமகனார் அலீ (ரலி) அங்கில்லை. தங்களிடையே ஏதோ மனத்தாங்கல், அவர் வெளியேறிவிட்டார் என்று மகளார் கூறினார்கள். நாயகம் என்ன சண்டை என்று துருவவில்லை. பள்ளிவாசலில் புழுதிபட உறங்கிக் கிடந்த மருமகனிடம் தாமே சென்று, உடலிலிருந்த மண்ணைத் தம் கையால் துடைத்து, 'மண்ணின் தந்தையே' எனச் செல்லமாக அழைத்து எழுப்பினார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் யாவரும் நெஞ்சில் இருத்த வேண்டிய நிகழ்ச்சி இது.

பரீரா (ரலி) அவர்களின் வரலாறோ ஆலோசகர்களுக்கே பாடமாகும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட அவர், கணவர் முகீதைப் பிரிய முடிவு செய்தார். முகீதோ கண்ணீர் வடித்துக்கொண்டு மதீனத் தெருக்களில் அவர் பின்னே சென்றார். இரங்கிய நாயகம், அவரிடம் திரும்பிச் செல்லலாமே என்றார்கள். இது தங்கள் கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரையே என்றார்கள். அவ்வாறாயின் எனக்கு அவர் வேண்டாம் என்று அவர் விடை கூற, நாயகம் சினக்கவுமில்லை, வற்புறுத்தவுமில்லை. பேசலாம், பரிந்துரைக்கலாம், ஒருவரைக் கட்டிப்போட்டு வாழவைக்க முடியாது. நல்ல பிரிவும் சில வேளை பேச்சின் பயனே.

உள்ளத்தின் நோய்க்குச் சொல்லே மருந்தாகும் என்னும் உண்மையும் மேனாட்டில் பிறந்ததன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், கி.பி. 850 வாக்கில் பிறந்த அபூஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர், உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒருங்கே ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். சினம், அச்சம், துயரம், ஓயாத எண்ணம் ஆகியவற்றை வகைப்படுத்தினார். இவற்றிற்கு இருவகை மருந்து கூறினார்: மனிதன் தன் எண்ணத்தைத் தானே திருத்திக்கொள்வது ஒன்று, பிறர் பேசி ஆற்றுவது மற்றொன்று. நம் முன்னோர் அறிந்ததைத்தான் நாம் அயலாரிடமிருந்து வந்ததாக எண்ணி அஞ்சுகிறோம்.

நம் தமிழகத்திலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தைக் காணலாம். நோயாளியோடு குடும்பத்தவரும் உடன் தங்கியிருந்து சிகிச்சையில் பங்குகொள்ளும் முறையை அது நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வருகிறது. நோய் ஒருவருக்காயினும் பேச வேண்டியது குடும்பம் முழுவதும் என்பதே அதன் அடிப்படை. வீட்டார் நோயைப் புரிந்து நடந்தால் கடும் மனநோய் மீண்டும் தாக்குவது குறைகிறது என்பது உலகெங்கும் ஆய்வுகளில் கண்ட உண்மை.

இதை எழுதும் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்: ஈரம் உலராத மண்ணில் விழுந்த கீறலை நனைந்த விரலால் தடவிச் சரிசெய்யலாம்; வடிவமே கெட்டாலும் நீரில் கரைத்து மீண்டும் பிசையலாம்; சூளையில் வெந்து வந்தபின் ஒன்றும் செய்வதற்கில்லை. பிளவை அஞ்சும்போதே அமருங்கள் என்ற இறைவாக்கின் பொருள் இதுவே. நாம் மண் ஈரமாக இருக்கும்போது, "புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கென்ன" என்று ஒதுங்கியிருந்து, சூளை திறந்தபின் பஞ்சாயத்துக் கூட்டுகிறோம்.

அதிலும் இக்காலத்தில் பிளவுக்கான காரணங்கள் பெருகியுள்ளன. கணவர் வளைகுடாவில், மனைவி மாமியார் வீட்டில். இல்லறம் முழுவதும் கைப்பேசியிலேயே நடக்கிறது. பணம் வந்ததா என்ற கேள்விக்கு மேல் பேச்சு வளர்வதில்லை. இரண்டாண்டுக்கொருமுறை வரும் கணவர் தம் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுகிறார். அவரை அத்தா என்று அழைக்கவே பிள்ளை தயங்குகிறது. இவர்களில் யாரும் தீயவரல்லர். பேசிப் பழகாதவர்கள், அவ்வளவே.

"குடும்ப இரகசியத்தை அந்நியரிடம் சொல்வது புறமாகாதா?" என்று சிலர் ஐயுறுகின்றனர். தீங்கு நீங்க வேண்டி, உதவ வல்லவரிடம், தேவையான அளவு கூறுவது புறத்தில் சேராது என இமாம் நவவீ (ரஹ்) உள்ளிட்ட பெரியோர்கள் விளக்கியுள்ளனர். உண்மையில் ஆலோசகர் தம்மிடம் கூறப்பட்டதை வெளியிடாமல் காக்கக் கடமைப்பட்டவர். புறம் நிகழ்வது எங்கே? ஜமாஅத்தில் பதினொருவர் கேட்டது மறுநாள் தேநீர்க் கடையில் பேசப்படுகிறதே, அங்கேதான்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லா வீட்டிற்கும் எதிரெதிரே அமர்த்திப் பேசுவது பொருந்தாது. கை நீட்டும் கணவன்முன் மனைவி வாய் திறக்க மாட்டாள். திறந்தால் வீடு திரும்பியதும் அதற்கு விலை கொடுப்பாள். அடி உதை உள்ள இடத்தில் முதலில் வேண்டியது அவள் உயிர்ப் பாதுகாப்பு, சமரசம் பிறகு. "பொறுத்துப் போம்மா" என்ற சொல்லால் பெண்களை நாம் ஆபத்திற்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், அல்லாஹ் மன்னிப்பானாக. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பு உத்தரவும் வசிக்கும் உரிமையும் பெற வழி செய்கிறது. அதை நாடுவது மார்க்கத்திற்கு மாறானதன்று.

இனி நம் மஹல்லாக்கள் செய்யக் கூடியவை சில. முறையீடு வந்த அன்றே முடிவு கூறுவதில்லை என்று முதலில் உறுதிகொள்ள வேண்டும். சபையைக் கூட்டாமல், இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொருவரை மட்டும் நடுவராக அழைக்க வேண்டும். பெண்ணின் பேச்சைக் கேட்கப் பக்குவமும் படிப்பும் உள்ள பெண்மணி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நம் சமுதாயத்தில் சமூகப் பணியும் உளவியலும் பயின்ற பெண்மக்கள் இன்று பலர் உளர், அவர்களைப் பயன்படுத்துவோம். ஆலிம்களும் நிர்வாகிகளும் கேட்கும் கலையைச் சில நாட்களேனும் முறையாகப் பயில வேண்டும். எங்கே நோயின் அறிகுறி தென்படுகிறதோ, அங்கே தயங்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். திருமணப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் முன் மணமக்களை ஒரு முறையேனும் அமர்த்தி, வரவு செலவு, பெற்றோரைப் பேணல், வெளிநாட்டுப் பிரிவு ஆகியவை பற்றிப் பேச வைத்தால் பின்னால் வரும் சண்டைகளில் பல வாரா.

பணமில்லையே என்ற கவலையும் வேண்டா. மனத்துயருக்கு 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் முதல் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். துன்புறும் பெண்களுக்கு 181 என்ற எண் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. குடும்பநல நீதிமன்றங்களும் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் இணக்கத்திற்கே முயல வேண்டும். அதற்கென ஆலோசகர்களை அமர்த்தவும் அச்சட்டம் வகை செய்துள்ளது.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! சான்றிதழ் எழுதிக் கொடுப்பது சில நிமிட வேலை. ஒரு குடும்பத்தின் முன் பொறுமையோடு அமர்ந்து கேட்பது பல வாரப் பணி. முதலாவதை இழந்ததற்காக வருந்திக்கொண்டிராமல், இரண்டாவதைக் கையிலெடுப்போம். இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், நெடுநாளாகக் கேட்காத ஒருவரின் பேச்சை நம் வீட்டிலேயே கேட்டுத் தொடங்குவோம். பிளவுபடும் நெஞ்சங்களிடையே இணக்கத்தை உண்டாக்க வல்லவனாகிய அல்லாஹ் நம் இல்லங்களில் அமைதியையும் அன்பையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.